ஃப்ளைட்டம்மா போட்டுக்கொடுத்த வழி

எங்கள் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு டிராவல்ஸ் அலுவலகம் இருக்கிறது. படியேறிப் போனால் இரண்டு மேஜை, ஒரு பழைய பிரிண்டர், சுவரில் வெளிறிப்போன ஓர் உலகப்படம். இரண்டாவது மேஜையில் உட்கார்ந்திருப்பவரைத் தெருவே ஃப்ளைட்டம்மா என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பத்து வருடமாக செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கே, அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது போன வருடம்தான் தெரிந்தது. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பெருமை அதிகம் என்பதால் சொல்கிறேன்.

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். இருபத்தோரு வயதில், ஃபோன் எடுத்துப் பேசும் வேலைக்குத்தான் அந்த அலுவலகத்துக்கு வந்தார். டிக்கெட் போடும் வேலையைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டாராம். ஒவ்வொரு ஊர் விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறி ஒன்று உண்டு. அந்தக் குறிகளையெல்லாம் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அவர் பாத்திரம் துலக்கும்போது, மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் அவருடைய கணவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், இவர் ஊரைச் சொல்வார். ஆறே மாதத்தில் கணவருக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

வேலையில் ஏழாவது வருடம் ஒரு தப்பு நடந்தது. புது வேலையில் சேரப் போகிற ஒருவருக்கு டிக்கெட் போட்டிருந்தார். விமானம் பதினான்காம் தேதி, பன்னிரண்டு இருபதுக்கு. அதாவது பதின்மூன்றாம் தேதி ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பி, நள்ளிரவு தாண்டியதும் ஏற வேண்டிய விமானம். இவர் ஃபோனில் "பதினாலாம் தேதி ராத்திரி" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரும் அப்படியே பதினான்காம் தேதி ராத்திரி குடும்பத்தோடு விமான நிலையத்துக்குப் போய் நின்றார். அவருடைய விமானம் போய் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பெட்டிகளோடு வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்துகொண்டார். சத்தம் போடவில்லை. "நீங்க பதினாலுன்னுதானேம்மா சொன்னீங்க" என்று மட்டும் கேட்டாராம். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன் என்று ஃப்ளைட்டம்மா சொல்வார். அன்றும் மறுநாளும் விமானக் கம்பெனியின் அலுவலகம் திறந்ததிலிருந்து மூடும்வரை அங்கேயே உட்கார்ந்து, மூன்றாம் நாள் அவருக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொடுத்தார். நல்லவேளையாக அந்த வேலையும் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் கொடுக்கும் டிக்கெட் உறைமேல் விமானம் கிளம்பும் நேரம் பெரிதாக இருக்காது. சிவப்பு மையில், "பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, இரவு எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பவும்" என்றுதான் இருக்கும். பயணிக்குத் தெரிய வேண்டியது எப்போது செருப்பு மாட்ட வேண்டும் என்பதுதான், மற்றதை விமானி பார்த்துக்கொள்வார் என்பது அவருடைய வாதம்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் ஒரே மகள். பாப்பா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், இருபத்தெட்டு வயதான பிறகும். உதவித்தொகை வாங்கி வெளிநாடு போய், ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆஸ்பத்திரித் துணிகளில் கிருமி எப்படித் தங்குகிறது, அதை எப்படித் தங்கவிடாமல் செய்வது என்பதுதான் ஆராய்ச்சி. பட்டமளிப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அம்மா அப்பாவுக்கு இரண்டு இருக்கை வாங்கிவைத்துவிட்டேன், வராமல் இருந்தால் மேடையேற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் யாரும் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நான் செல்போன் கடைக்காரன் இல்லையா, எனக்குத் தெரியாததா என்று களத்தில் இறங்கினேன். ஒரு வாரம் ஃபோனைத் தேய்தேய் என்று தேய்த்து, யாருக்கும் கிடைக்காத மலிவு விலையில் ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். இங்கிருந்து ஒரு விமானம், நடுவில் ஒரு பெரிய நகரத்தில் இறங்கி இன்னொரு கம்பெனியின் விமானம். கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. விசா படிவத்தை நிரப்ப மட்டும் ஆள் வேண்டியிருந்ததால் அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு அந்தப் படியை ஏறினேன்.

ஃப்ளைட்டம்மா என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பி, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள், முழங்கால் வலி உண்டா, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட்டால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"டிக்கெட்ல என்ன மேடம் குறை?" என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். இறங்குகிற விமான நிலையமும் மறுபடி ஏறுகிற விமான நிலையமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றல்ல. ஊருக்கு இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. நடுவில் ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். வெளியே வந்து பஸ் ஏற வேண்டுமானால் அந்த நாட்டுக்கும் நம்மவர்களுக்குத் தனி விசா வேண்டும். போதாக்குறைக்கு இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"அப்புறம் இது யாரு?" என்று திரையில் விரலை வைத்தார். அக்காவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. என் ஃபோன் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரவிடவில்லை என்பதால் அத்தான் பெயரைப் போட்டிருந்தேன். "பாஸ்போர்ட்ல இல்லாத ஆளுக்கு டிக்கெட் எடுக்கப் பார்க்கறீங்க தம்பி. இவங்களை ஏத்த மாட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆத்திரத்தில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"இவ்ளோ பேசறீங்களே, நீங்க ஒரு தடவையாவது ஃப்ளைட்ல ஏறியிருக்கீங்களா?"

அத்தான் என் தொடையைக் கிள்ளினார். ஃப்ளைட்டம்மா முகம் மாறவில்லை.

"ஏறியிருக்கேன் தம்பி. ஒரே ஒரு தடவை. கம்பெனிக்காரங்க ஏஜெண்டுகளைச் சும்மா கூட்டிட்டுப் போனாங்க. நடுவுல நாலு மணி நேரம் ஏர்போர்ட்ல விட்டாங்க. மத்தவங்க கடை பார்த்தாங்க. நான் ஒரு கேட்லேருந்து இன்னொரு கேட்டுக்கு நடந்து பார்த்தேன். வயசானவங்க மாதிரி மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை. அக்காவுக்கும் அண்ணனுக்கும் அந்த ஏர்போர்ட் வழியாத்தான் போடலாம்னு இருக்கேன்."

நான் என் ஃபோனைத் திரும்ப வாங்கி, அந்த டிக்கெட் பக்கத்தை மூடினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அந்த மேஜைதான் எங்களுக்கு இன்னொரு வீடு. காலியான பெயர்க் கட்டத்தை டிக்கெட்டில் எப்படி எழுதுவது என்று விமானக் கம்பெனிக்கு மூன்று முறை ஃபோன் போட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொண்டார். விசாவுக்கான படத்தில் அத்தானின் காது தெரியவில்லை என்று ஃபோட்டோ ஸ்டுடியோவுக்கு அனுப்பி மறுபடி எடுக்கவைத்தார். அத்தானுக்குக் கம்பெனியிலிருந்து விடுப்புக் கடிதம், அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விடுப்புக் கடிதம், பாப்பாவின் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார்.

படிவத்தில் தொழில் என்ற கட்டம் வந்தபோது அக்கா நெளிந்தாள். சலவை என்று போட வேண்டாமே, வீட்டில் இருக்கிறேன் என்று போட்டால் போதாதா என்றாள்.

"ஏன்க்கா?"

"துணி துவைக்கிறவன்னு போட்டா விசா குடுப்பாங்களா? பாப்பாவுக்கும் அங்க கௌரவக் குறைச்சல்."

ஃப்ளைட்டம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா ஒரே ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறீங்க. போயிட்டுத் திரும்பி வருவீங்களான்னுதான் அவங்க கேக்கறாங்க. இதைவிட நல்ல பதில் யாருகிட்ட இருக்கு?" என்றவர், மருத்துவமனை சலவைப் பிரிவு, முப்பது ஆண்டுகள் என்று எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் எழுதி, அதை அக்காவுக்குத் தமிழில் படித்தும் காட்டினார். அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

விசா வந்தது. டிக்கெட் போட்டார். புதன்கிழமை அதிகாலை ஒன்று பத்துக்கு விமானம், அன்று மாலையே போய்ச் சேரலாம். நடுவில் வியாழக்கிழமை முழுக்கச் சும்மா இருக்கும். அத்தானுக்கு விடுப்பே ஒன்பது நாள்தான், அதில் ஒரு நாளை ஏன் வீணாக்க வேண்டும் என்று நான் முணுமுணுத்தேன். மகள் மேடையேறுகிற நாளைத் தொட்டுக்கொண்டு பயணத்தை வைக்கக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். விழாவுக்கு உடுத்துகிற துணி பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்றும் உத்தரவு. கசங்கிவிடுமே என்றாள் அக்கா. "நீங்க கசங்கலைப் பத்திப் பயப்படலாமாக்கா?" என்று கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக ஒரு கெட்டி அட்டை கொடுத்தார். ஒரு பக்கம் தமிழில், மறு பக்கம் ஆங்கிலத்தில் எட்டு வாக்கியங்கள். எங்கே போகிறோம், தண்ணீர் எங்கே கிடைக்கும், எங்கள் பெட்டி வரவில்லை என்று வரிசையாக. ஆறாவது வாக்கியம்: "நாங்கள் கணவன் மனைவி. எங்களைப் பிரித்து அனுப்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசவும்." கீழே அலுவலக எண்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, உறைமேல் எழுதியிருந்த நேரத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மூடுபனியால் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாகப் போனது. விமானம் மாற வேண்டிய ஊரில் அவர்கள் இறங்கியபோது அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. அத்தானின் ஃபோனில் வெளிநாட்டில் பேசுவதற்கென்று நான் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொடுத்த சிம் கார்டோ, அங்கே போனதும் ஊமையாகிவிட்டது. செல்போன் கடைக்காரனுக்கு இதைவிட என்ன மானக்கேடு வேண்டும்?

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். ஃப்ளைட்டம்மா காதில் ஃபோனை வைத்திருந்தார், ஒரு கை மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தது. மறுமுனையில் அந்த விமான நிலையத்தில் இருக்கும் விமானக் கம்பெனியின் உதவி மேஜை அதிகாரி. நடந்தது என்னவென்றால், வியாழக்கிழமை விமானத்தில் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. ஒருவர் அதில் போகட்டும், மற்றவர் வெள்ளிக்கிழமை விமானத்தில் வரட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விமானம் போய்ச் சேரும்போது விழா முடிந்திருக்கும். சைகையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்ட அத்தான், நீ போ, பாப்பா உன்னைத்தான் தேடுவாள் என்று அக்காவைத் தள்ளியிருக்கிறார். தனியாக எப்படிப் போவேன் என்று அவள் கையை உதறியிருக்கிறாள். அப்புறம் அட்டை ஞாபகம் வந்து, ஆறாவது வரியில் விரலை வைத்து அந்த அதிகாரிக்கு முன்னால் நீட்டியிருக்கிறாள். அவர் படித்துப் பார்த்து, தன் மேஜை ஃபோனிலிருந்தே கூப்பிட்டுவிட்டார்.

ஃப்ளைட்டம்மா குரல் உயரவே இல்லை. அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம்தான், ஆனால் ஒரு சொல்லும் வழுக்கவில்லை. இருவரும் ஒரே டிக்கெட், கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு, தாமதமானது உங்கள் விமானம் என்று மூன்றை மட்டும் சொன்னார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, உங்களோடு கூட்டு வைத்திருக்கும் இன்னொரு கம்பெனிக்கு இன்று மாலை ஒரு விமானம் இருக்கிறது, வேறு ஊர் வழியாகப் போகிறது, அதில் இரண்டு சீட்டு இருக்கிறது, வியாழக்கிழமை மதியம் போய்ச் சேரும் என்று விமான எண்ணோடு படித்தார். என் திரையில் அதைக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை என்றார் அந்த அதிகாரி. அனுமதி இருக்கிறவர் பக்கத்தில் இருப்பாரே, நான் காத்திருக்கிறேன் என்றார் இவர்.

காத்திருந்தார். நாற்பது நிமிடம். நடுவில் டிக்கெட் கேட்டு வந்த ஒருவரைச் சைகையாலேயே உட்காரவைத்தார். முதல் மேஜையிலிருந்து அலுவலக முதலாளி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசியில் ஃப்ளைட்டம்மா, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் அக்கா.

"ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாங்கடா" என்றாள்.

அந்த அதிகாரி கடைசியில் என்ன சொன்னார் என்று முதலாளி கேட்டார். எங்கள் விதிமுறைகளை எங்களைவிட நன்றாக நீங்கள் தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் ஃப்ளைட்டம்மா முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். உடனே காத்திருந்தவர் பக்கம் திரும்பி, "சொல்லுங்க, எந்த ஊரு?" என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய பெட்டிகள் சனிக்கிழமைதான் வந்தன. கைப்பையிலிருந்த துணியைப் பாப்பாவின் அறையில் அக்கா தேய்த்த தேய்ப்பில், பக்கத்து அறைப் பெண்கள் தங்கள் பட்டமளிப்பு அங்கிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். ஏழு அங்கியைத் தேய்த்துக்கொடுத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை விழாவை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். எங்களுக்கு மதியம். அலுவலகத்தின் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். கண்ணாடிக் கடைக்காரர் மேலே வந்துவிட்டார். ஃப்ளைட்டம்மாவின் கணவர் லைன்மேனும் சாப்பாட்டு இடைவேளையில் வந்து கதவோரம் நின்றார். பாப்பா பெயரை மேடையில் பிசிறில்லாமல் சரியாகச் சொன்னார்கள். அவள் நடந்து வந்து பட்டத்தை வாங்கியபோது கேமரா ஒரு நொடி பார்வையாளர் பக்கம் திரும்பியது. நான்காவது வரிசையில் இரண்டு தலைகள். அத்தான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அக்கா கைதட்டவே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, கண்ணை இமைக்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் என்னை மிகவும் பெருமைப்பட வைத்தது அடுத்த திங்கட்கிழமை நடந்தது. பாப்பா இருவரையும் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அவளுடைய பேராசிரியர் வெள்ளைத் துணித் துண்டுகளைக் காட்டி, ரத்தக் கறையோடு கிருமியும் துணியில் ஒட்டிக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி என்று விளக்கியிருக்கிறார். பாப்பா மொழிபெயர்த்துச் சொல்ல, அக்கா யோசிக்காமல், "முதல்லயே சுடுதண்ணியில போட்டா அப்படித்தான் ஒட்டும். நாங்க முதல்ல பச்சைத்தண்ணியில அலசிட்டுத்தான் சூட்டுக்கே விடுவோம்" என்றாளாம். எவ்வளவு நேரம், எத்தனை முறை, எந்தத் துணிக்கு எப்படி என்று அவர் கேட்கக் கேட்க அரை மணி நேரம் சொல்லியிருக்கிறாள். பேராசிரியர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தப் படத்தைப் பாப்பா அனுப்பினாள். ஒரு பேராசிரியர் குனிந்து எழுதுகிறார், என் அக்கா விரலை மடக்கி மடக்கி எண்ணிச் சொல்கிறாள். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைக் காட்டினேன். சிலருக்கு இரண்டு முறை.

திரும்பி வந்த மறுநாளே இருவரும் அந்தப் படியேறினார்கள். நானும் போனேன். என் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்விக்காக மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். வார்த்தைகளைக்கூடத் தயார்செய்து வைத்திருந்தேன். ஆனால் ஃப்ளைட்டம்மா என்னைப் பேசவே விடவில்லை. "தம்பி, உங்க ஃபோன்ல அந்தப் படம் இருக்காமே, எனக்கும் அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அதை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவங்க தொழிலை நான்தான் எழுதினேன்" என்று முதலாளியிடம் காட்டினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, நான் பெயருக்குத்தான் முதலாளி, அலுவலகத்தை நடத்துவது நீதான் என்று ஊருக்கே தெரியும், இனி சட்டப்படியும் பாதி உன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக் கடைக்கு மேலே புதுப் பலகை ஏறியது. அதில் அவருடைய சொந்தப் பெயரும் இருந்தது. தெருவில் பலர் அன்றைக்குத்தான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பலகை மாட்டும்போது அவர் கீழே வரவில்லை. மேலே ஒரு தம்பதிக்கு வழி போட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல்தான் இறங்கி வந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் லைன்மேனும் பக்கத்தில் நின்றிருந்தோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"ஃபோன் நம்பர்ல கடைசிக்கு முந்தின எண் தப்பு" என்றார். "அது ஆறு இல்ல, எட்டு."

பலகை எழுதியவரைக் கையோடு கூப்பிட்டு ஏணியில் ஏற்றினோம்.